குதிரைப் பந்தய நாள்: என்ன உடுத்துவது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது? நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் ரேஸுக்கென்று பிளவுஸும் கோட்டும் தைக்க ஆள் வருவது இங்கே வழக்கமாக இருந்தது. ஊட்டியில் ரேஸ் நின்ற பிறகும் ஆள் வருகிறார்கள். மைசூருக்குப் போகிறவர்கள், பெங்களூருக்குப் போகிறவர்கள், இங்கிலாந்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போகும்போது அங்கே ஆஸ்காட்டில் நடக்கும் ரேஸையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள். எனக்குக் குதிரையும் பிடிக்கும், நல்ல துணியும் பிடிக்கும். அதனால் அளவெடுக்கும்போது அவர்கள் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஊட்டியில் இப்போது ரேஸ் உண்டா?

இல்லை. குத்தகைப் பாக்கி தொடர்பான வழக்கு பல வருடம் நடந்து, 2024 ஜூலையில் ரேஸ் கோர்ஸ் நிலத்தை, 52 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், அரசு எடுத்துக்கொண்டது. பிறகு சூழல் பூங்கா அமைப்பதற்காகத் தோட்டக்கலைத் துறையிடம் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸுக்கும் சீல் வைத்தார்கள். ‘இந்த சீசனுக்கு எப்போது ஆரம்பம்?’ என்று கேட்டுக்கொண்டு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்படியென்றால் ஊட்டி ரேஸ் எப்படி இருந்தது? எங்கள் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

1886-லிருந்து ஊட்டி ரேஸின் கணக்கைச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் நடத்தியது. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கி ஜூன் வரை போகும். மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக வரும் கோடை விழாவோடு ரேஸும் சேர்ந்துகொள்ளும். நீலகிரி டெர்பி, நீலகிரி தங்கக் கோப்பை, ஆயிரம் கினி, இரண்டாயிரம் கினி ஆகியவை பெரிய ஓட்டங்களின் பெயர்கள்.

இடத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஊர்களில் ரேஸ் கோர்ஸ் ஒரு மதிலுக்குள்ளே இருக்கும். ஊட்டியில் அது ஊரின் நடுவே, பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில், பள்ளத்தில் கிடந்தது. ஒரு காலத்தில் ஜான் சலிவன் வெட்டிய ஏரியே அந்தப் பக்கம் வரை பரவியிருந்தது. ஏரி சுருங்கச் சுருங்க, அதன் நிலத்தில் பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் வந்தன. சுற்றிலும் மேடு என்பதால் டிக்கெட் வாங்காதவர்களும் ரோட்டோரம் நின்று பார்ப்பார்கள். காய்கறி மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மா ஒரு பக்கம், உள்ளே கோட்டு சூட்டுக்காரர் இன்னொரு பக்கம். ஒரே ஓட்டத்தை இருவரும் பார்ப்பார்கள், ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் காட்சிக்கு ஈடாக இன்னொரு ஊரை என்னால் சொல்ல முடியவில்லை.

நிலம் அரசுடையது, பாக்கி பாக்கிதான். அதில் எனக்கு வாதம் எதுவும் இல்லை. பூங்கா வந்தாலும், இங்கே குதிரைகள் ஓடின என்பதைச் சொல்லும் ஒரு பலகையாவது, வெள்ளை வேலியின் ஒரு துண்டாவது அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

மலை மேல் ஓடுவது குதிரைக்குக் கஷ்டமில்லையா?

கஷ்டம்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருப்பதைவிட இங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு ஒன்றுதான் அதற்கு வழி. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு எட்டு வைத்தால் ஒரு மூச்சு என்று காலும் மூச்சும் பிணைந்துபோகும். நடுவில் ஒரு மூச்சு கூடுதலாக இழுத்துக்கொள்ள வழியில்லை. அதனால்தான் மலைக்கு வரும் குதிரைகளை முன்கூட்டியே ஏற்றிப் பழக்குவார்கள். ஓட்டம் முடிந்து திரும்பும் குதிரையின் மூக்குத் துவாரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். விரிந்து, உள்ளே சிவப்புத் தெரியும். குளிரில் உடம்பிலிருந்து ஆவி எழும்.

இப்போது ரேஸ் பார்க்க எங்கே போகலாம்?

நமக்குக் கிட்டம் மைசூர். சாமுண்டி மலை அடிவாரத்தில் ரேஸ் கோர்ஸ். தசராவை ஒட்டிய மாதங்களில் களை கட்டும், மைசூர் டெர்பியும் அப்போதுதான். ஊரே உடுத்திக்கொண்டு கிளம்பும் காலம் என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். பெங்களூரில் கோடை டெர்பி பெயர் பெற்றது. மும்பை மகாலட்சுமியில் பிப்ரவரி முதல் ஞாயிறை ஒட்டி நடக்கும் இந்தியன் டெர்பிதான் நம் நாட்டில் உடை, ஓட்டம் இரண்டுக்கும் பெரிய நாள். 2,400 மீட்டர் ஓட்டம், 1943-ல் தொடங்கியது. எங்கே போனாலும் தேதியையும் குழந்தைகளை உள்ளே விடுவார்களா என்பதையும் கிளப்பிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அட்டவணை மாறும்.

பெண்கள் என்ன உடுத்தலாம்? இதுதான் எல்லாரும் கேட்பது.

புடவைதான் என் முதல் பதில். அதற்கு எனக்குக் காரணம் உண்டு. பந்தய நாள் என்பது உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி மாதிரி போகாது. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் குதிரையைப் பார்க்க நடப்பீர்கள், வேலிக்கு ஓடுவீர்கள், திரும்ப வந்து உட்காருவீர்கள். அரை மணிக்கு ஒரு ஓட்டம் வரும். ஒவ்வொன்றுக்கும் இதே நடை. உங்களைக் குதிரைக்குப் பக்கத்தில் போகவிடாத உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நாளுக்கு ஆகாது.

அதனால் கனத்த காஞ்சிபுரம் வேண்டாம், கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறுமுகை மென்பட்டு பாருங்கள். நம் மலை இறங்கினால் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே நெய்கிறார்கள். எடை குறைவு, மடிப்பு நிற்கும், வெயிலில் பளபளப்பு கண்ணைக் குத்தாது. பருத்தி பிடித்தவர்கள் நெகமம் எடுக்கலாம். ஒரே நிறமாக உடம்பும், மாறுபட்ட கரையும் இருந்தால் தூரத்திலிருந்தும் எடுப்பாகத் தெரியும். பூப்போட்ட பெரிய டிசைன் கூட்டத்தில் கரைந்துபோகும்.

கட்டுவதில் மூன்று விஷயம். பாவாடையைச் செருப்புப் போட்டுக்கொண்டே அளந்து, தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே நிற்கும்படி கட்டுங்கள். புல் எப்போதும் ஈரம், கரை நனைந்தால் நாள் முழுக்கக் காலில் ஒட்டும். முந்தானையைத் தோளில் ஒரு பின், பிளவுஸின் பின்புறம் உள்ளே ஒரு பின் என்று இரண்டு இடத்தில் குத்துங்கள். காற்று அடித்தால் தோள் பின் மட்டும் தாங்காது, துணி கிழியும். அப்புறம் செருப்பு. ஊசிக் குதிகால் புல்லில் இறங்கிவிடும். அகலக் குதிகால் அல்லது தட்டையான செருப்புத்தான் சரி. என்னிடம் தைக்க வரும் பெண்களிடம் பிளவுஸ் கையை முழங்கை வரை வைக்கச் சொல்கிறேன். மலைக்காரர்களுக்குச் சமவெளி வெயில் சுள்ளென்று உறைக்கும்.

சுடிதார், கவுன் எல்லாம் தாராளமாகப் போடலாம். முழங்காலுக்குக் கீழே நீளமும், காற்றில் தூக்காத துணியும் இருந்தால் போதும். புடவை கட்டத் தெரியாத சின்னப் பெண்களை அந்த ஒரு நாளுக்காகப் படுத்த வேண்டியதில்லை.

தோடர் சால்வை போர்த்திக்கொள்ளலாமா?

போர்த்திக்கொள்ளுங்கள். இதைவிட நம் மலையைச் சொல்லும் உடை எதுவும் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. தோடப் பெண்கள் வரைந்துகொள்ளாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போடுவார்கள். கிட்டத்தில் பார்த்தால் அச்சடித்தது மாதிரி வரி பிசகாது, தொட்டால்தான் நூல் மேடு விரலில் தட்டும். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் மெஷினில் போட்ட போலியை வாங்காமல், தோடர்களிடமிருந்தே வாங்குங்கள். ஒற்றை நிறப் புடவையின் மேல் இடது தோளில் மடித்துப் போட்டால் வேறு நகையே வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். பூத்துக்குளி என்ற தோடர்களின் பெரிய போர்வையை வெட்டிக் கோட்டாகத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் தைப்பதில்லை. அது அவர்கள் வாழ்விலும் சாவிலும் போர்த்துகிற துணி. கோட்டு வேண்டுமென்றால் வேறு துணி நிறைய இருக்கிறது.

ஆண்கள்? வேட்டி கட்டினால் உள்ளே விடுவார்களா?

தமிழ்நாட்டில் கேள்விக்கே இடமில்லை. சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாத விவகாரம் பெரிதாகி, 2014-ல் சட்டமே வந்தது. வேட்டியைக் காரணம் காட்டி எந்தக் கிளப்பும் தடுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் கர்நாடகத்தில் செல்லாது. மைசூர், பெங்களூர் போகிறவர்கள் எந்த ஸ்டாண்டுக்கு டிக்கெட் என்று பார்த்து அதற்கான உடை விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினர் பகுதியில் கோட்டு எதிர்பார்ப்பார்கள். வெளிர் சாம்பல் அல்லது நீலக் கோட்டு, தோல் ஷூ. அவ்வளவு போதும். கறுப்பு சூட் பகல் வெயிலில் கல்யாண மாப்பிள்ளை போலத் தெரியும்.

ஆஸ்காட் என்கிறார்களே, அங்கே ஏன் இத்தனை தொப்பி?

1711-ல் ஆன் ராணி தொடங்கி வைத்த ரேஸ் கோர்ஸ் அது. லண்டனுக்கு மேற்கே, வின்ட்ஸர் அரண்மனைக்குப் பக்கம். ஜூன் மாதம் ஐந்து நாள், செவ்வாய் முதல் சனி வரை. அரச குடும்பம் குதிரை வண்டியில் ஊர்வலமாக வரும், 1825-லிருந்து அந்தப் பழக்கம். வியாழக்கிழமைதான் தங்கக் கோப்பை, அதைத்தான் பெண்கள் தினம் என்பார்கள். சுமார் நாலாயிரம் மீட்டர் ஓடும் நெடும் ஓட்டம்.

அரசர் வரும் இடம் என்பதால் ராயல் என்க்ளோஷர் என்ற அரச விருந்தினர் பகுதிக்குக் கறாரான விதி. பெண்களுக்குத் தொப்பி, அல்லது அடிப்பாகம் குறைந்தது நான்கு அங்குலம் இருக்கும் தலையணி வேண்டும். 2012-லிருந்து வெறும் இறகுக் கிளிப் அங்கே ஆகாது. தோள் பட்டி ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும். ஆண்களுக்கு உயரத் தொப்பியும் வால் வைத்த கோட்டும். 2017-ல் பெண்களுக்கு ஜம்ப்சூட்டை அனுமதித்தார்கள், எல்லாம் இப்படி மெல்ல மெல்லத்தான் மாறும். 1910-ல் ஏழாம் எட்வர்ட் இறந்த சில வாரத்தில் ஆஸ்காட் வந்தது. ரத்து செய்யாமல் நடத்தினார்கள், வந்த அத்தனை பேரும் கறுப்பில் வந்தார்கள். பெரிய கறுப்புத் தொப்பிகளாக நிறைந்த அந்தப் புல்வெளியின் புகைப்படங்கள் இன்றைக்கும் தையல்காரர்களுக்குப் பாடம். நிறமே இல்லாமல், உருவத்தை வைத்து மட்டும் எத்தனை விதம் காட்டலாம் என்பதை அவற்றில் பார்க்கலாம்.

அங்கே புடவை கட்டலாமா?

தாராளமாக. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் நாட்டு முறையான உடையில் வரலாம் என்று ஆஸ்காட் விதியே சொல்கிறது. 2022 பெண்கள் தினத்தன்று இந்திய வம்சாவளிப் பெண்கள் பெரும் கூட்டமாகப் புடவையில் போனார்கள், நம் நெசவாளர்களை நினைவுபடுத்துவதற்காகவே. இங்கிலாந்து ஜூன் நம் ஊட்டி ஜூன் மாதிரி, எப்போது மழை என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு மெல்லிய கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு, பட்டுப் புடவையைத் துணிந்து கட்டுங்கள்.

தொப்பி இல்லாமல் போனால் பெரிய குற்றமா?

ஒருமுறை ஆனது! 1965-ல் மெல்போர்ன் ஃபிளமிங்டன் டெர்பி நாளுக்கு ஜீன் ஷ்ரிம்ப்டன் என்ற இங்கிலாந்து மாடல் வந்தார். முழங்காலுக்கு மேலே நின்ற வெள்ளை கவுன், தொப்பி இல்லை, கையுறை இல்லை, காலுறை இல்லை. அந்தக் கவுன் குட்டையானதற்குக் காரணம் துணி போதாததுதான். ஆஸ்திரேலியாவே கொதித்தது. பிறகு அதே கவுன்தான் அங்கே குட்டைப் பாவாடைக்கு வழி திறந்தது. துணி குறைந்தாலும் வெட்டு சரியாக இருந்தால் நிற்கும் என்று நான் தையல் பழகும் பெண்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

பேடாக்கில் எதைப் பார்க்க வேண்டும்? எல்லாக் குதிரையும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்துவார்கள். அங்கே பத்து நிமிடம் நிற்காமல் பந்தயம் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்தவர்கள்.

முதலில் நடை. பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த தடத்தில் விழுகிறதா, அதைத் தாண்டி விழுகிறதா என்று பாருங்கள். தாண்டி விழுந்தால் உடம்பு தளர்வாக, நன்றாக இருக்கிறது. அடுத்தது தோல். நல்ல நிலையில் இருக்கும் குதிரையின் தோல் எண்ணெய் தடவியது போல மினுங்கும், திரும்பும்போது விலா எலும்பு லேசாக வரிவிட்டு மறையும். பிறகு வியர்வை. வெயில் நாளில் கழுத்தில் கொஞ்சம் வியர்த்தால் பரவாயில்லை. பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை கட்டினால் பதற்றத்தில் சக்தியைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. காதைப் பாருங்கள். முன்னே நிமிர்ந்து, அங்கங்கே திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் குதிரை உலகத்தோடு ஒட்டி இருக்கிறது. பின்னால் படிந்தே கிடந்தால் எதிலோ கோபம்.

அப்புறம், குதிரையை நடத்திப் போகும் பராமரிப்பாளரைப் பாருங்கள், ‘சைஸ்’ என்பார்கள். விடியும் முன்பே எழுந்து தீவனம் வைத்து, தேய்த்து, காலைத் தடவிச் சூடு பார்க்கிறவர் அவர்தான். அவர் கை கயிற்றில் தளர்ந்திருந்தால் குதிரை அவரை நம்புகிறது. ஜாக்கி பெயரும் உரிமையாளர் பெயரும் பேப்பரில் வரும், இவர் பெயர் வராது. நல்ல நடையைப் பார்த்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

என் உடையின் நிறம் குதிரையை மிரட்டுமா?

நிறம் மிரட்டாது. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கலாகத்தான் படும். படபடக்கும் துணிதான் ஆபத்து. குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் அதற்குத் தெரியும். உங்கள் முந்தானை ஒரு ஓரத்தில் எழும்பினாலும் பார்த்துவிடும். வேலியோரம் குடையைச் சட்டென்று விரிக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், பின்பக்கமாக நெருங்காதீர்கள்.

ஜாக்கிகள் ஏன் இத்தனை கலர் சட்டை போடுகிறார்கள்?

அது உரிமையாளரின் நிறம். தூரத்தில் எந்தக் குதிரை யாருடையது என்று தெரிய, 1762-ல் இங்கிலாந்தில் நிறங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கட்டம், வட்டம், பட்டை, கைக்கு ஒரு நிறம், தொப்பிக்கு ஒரு நிறம். ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன், அந்த மைதானத்தில் மிக நன்றாக யோசித்து வெட்டிய உடை அதுதான்.

பணம் கட்டாமல் போனால் ரசிக்குமா? வீட்டில் ரேஸ் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

சுளிப்பதில் நியாயம் உண்டு. ரேஸில் நிலம் போன வீடுகளை எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாடு அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததும் அந்த வேதனையால்தான். 1996-ல் உச்ச நீதிமன்றம், இது பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்று சொல்லி அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டப்படி சரி என்பதால் பர்ஸுக்கும் சரி என்று ஆகிவிடாது. 2025 செப்டம்பரிலிருந்து பந்தயப் பணத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். நீங்கள் கட்டும் பணத்தில் கணிசமான பங்கு ஓட்டம் தொடங்கும் முன்பே போய்விடும்.

நான் பணம் கட்டுவதில்லை. பேடாக்கில் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதன் சட்டை நிறத்தை மனதில் வைத்து, கடைசி ஃபர்லாங்கில், அதாவது கடைசி இருநூறு மீட்டரில், அதற்காகத் தொண்டை வறளக் கத்துவதற்குக் காசு தேவையில்லை. யாராவது தோளைத் தட்டி, இந்தக் குதிரைதான் ஜெயிக்கும் என்று ‘டிப்’ கொடுத்தால் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாட்டையால் அடிக்கிறார்களே, இது கொடுமை இல்லையா?

எனக்கும் அது உறுத்துகிறது. இங்கிலாந்தில் 2023-லிருந்து தடை தாண்டாத சமதள ஓட்டத்தில் ஆறு முறைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தினால் தண்டனை. சரியான திசை, இன்னும் குறைய வேண்டும். ஓடும்போது கால் எலும்பு முறிந்து குதிரைகள் சாவதும் உண்டு. அதை மறைத்துவிட்டு உடையைப் பற்றி மட்டும் பேச எனக்கு விருப்பமில்லை. ஓட்டம் முடிந்து ஒரு குதிரை நொண்டினால், அங்கே எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பாருங்கள். கிளப் எப்படிப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் சவாரிக்கு விடும் குதிரைகள் ரேஸ் குதிரைகளா?

பெரும்பாலும் இல்லை, மட்டக்குதிரைகள்தான். ஓடி ஓய்ந்த ரேஸ் குதிரைகள் சில சவாரிக்கு வந்து சேர்வதும் உண்டு. நீண்ட கால், மெல்லிய கழுத்து, குறுகிய முகம் என்று இருந்தால் அதுவாக இருக்கலாம். முதுகில் புண், காலில் வீக்கம் இருக்கும் குதிரையில் ஏறாதீர்கள், பிள்ளை எவ்வளவு அடம் பிடித்தாலும்.

மைசூர் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாமா?

முடியும், விடியற்காலை கிளம்பினால். கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை வழியாக நாலு மணி நேரத்துக்குக் குறையாது. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டி வைத்திருப்பவர்கள் கல்லட்டி வழியாக இறங்கி நேரத்தை மிச்சப்படுத்துவார்கள். வெளியூர் வண்டிக்கு அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு உண்டு. பந்திப்பூர் செக்போஸ்ட் இரவு ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். அதனால் கடைசி ஓட்டம் வரை நிற்கும் எண்ணம் இருந்தால், நஞ்சன்கூட்டிலோ மைசூரிலோ ரூம் போட்டுவிடுங்கள். தங்குவதென்றால் புடவையை மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள், மறுநாள் கட்டவும் ஆகும்.